காபன் இழைப் பலகை: றெசின் கலக்கும் முன் முடிய வேண்டிய வேலைகள்

பைபர் படகு கட்டும் கைகளுக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை. காரைநகரிலும் குருநகரிலும் மயிலிட்டியிலும், அச்சின் மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்து, தூரிகையால் றெசின் என்ற ஒட்டும் திரவத்தைப் பூசி, றோலரை உருட்டிக் காற்றை வெளியேற்றும் வேலையைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் பலர். அந்த அனுபவம் காபன் இழைக்கு வரும்போது பாதி உதவும், பாதி காலை வாரிவிடும். எது உதவும், எதை மறக்க வேண்டும் என்று சொல்லித்தரவே இந்தக் கட்டுரை. பைபர் வேலையே தெரியாத, ட்ரோன் சட்டமோ பந்தயச் சைக்கிள் பாகமோ செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் இது போதும். மறப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அவர்களுக்கு வேலை இன்னும் இலகு.

கைப்பூச்சு முறையில் துணியை நனைப்பது நம் கை. எவ்வளவு றெசின் போகிறது என்பதும் கையின் கணக்குத்தான். வெற்றிட முறையில் துணி முழுவதும் உலர்ந்தபடியே அச்சில் கிடக்கும். அதன் மேல் பிளாஸ்ரிக் தாளை மூடி, ஓரங்களைக் காற்றுப் புகாமல் ஒட்டி, உள்ளே உள்ள காற்றை ஒரு பக்கத்தால் பம்பி உறிஞ்சிவிடும். அப்போது வெளியே உள்ள வளிமண்டலம் தன் முழு எடையோடு அந்தத் தாளை அமுக்கும். ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 தொன். நாம் செய்யப்போகும் 30 சென்ரிமீற்றருக்கு 40 சென்ரிமீற்றர் பலகையின் மேல் மட்டும் 1.2 தொன் ஏறி நிற்கும். அந்த நிலையில் மறுபக்கத்துக் குழாயைத் திறந்தால் வாளியில் இருக்கும் றெசின் தானாகவே துணிக்குள் ஏறி, இழைகளுக்கிடையே ஊர்ந்து மறுகரை சேரும். 1990 ஆம் ஆண்டு அமெரிக்கரான வில்லியம் சீமன் இந்த முறையின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றபின் படகுத்துறையில் இது வேகமாகப் பரவியது. பளையைக் கடக்கும்போது ஏ9 வீதியிலிருந்து தெரிகிறதே காற்றாலை, அதுபோன்றவற்றின் நீண்ட இதழ்களைச் செய்யும் முக்கிய முறைகளிலும் இது ஒன்று.

இதனால் என்ன இலாபம்? நறுக்கிய கண்ணாடியிழைப் பாயைக் கையால் பூசும்போது, முடிந்த பொருளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இழை. மிச்சம் எல்லாம் றெசின். வலுவைத் தருவது இழை. றெசின் அதைப் பிடித்து வைத்திருக்கும் பசை மட்டுமே. நெய்த காபன் துணியில் வெற்றிட முறையைச் சரியாகச் செய்தால் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் இழையாக நிற்கும். அதே வலு, குறைந்த பாரம்.

காபன் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

வழக்கமான காபன் இழையின் விறைப்பு 230 ஜிகாபஸ்கால் அளவு. படகில் போடும் கண்ணாடியிழைக்கு அது 72 தான். அடர்த்தியோ காபனுக்கு 1.8, கண்ணாடிக்கு 2.5 இற்குச் சற்று மேல். மூன்று மடங்கு விறைப்பு, அதிலும் பாரம் குறைவு என்றதும் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் விறைப்பு வேறு, அடி தாங்குவது வேறு. கண்ணாடியிழை வளைந்து கொடுத்து, வெண்மை படிந்து, எச்சரித்துவிட்டுத்தான் உடையும். காபன் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். முருகைக்கல் கரையில் நாள்தோறும் இழுத்து ஏற்றும் மீன்பிடிப் படகுக்குக் காபன் போடுவது பணத்தைக் கடலில் கொட்டுவதற்குச் சமம் என்பதே என் எண்ணம். ட்ரோன் கை, துடுப்புத் தண்டு, பாய்மர வள்ளத்தின் கொடிமரம், செயற்கைக் காலின் தாங்கி போன்ற, ஒவ்வொரு கிராமும் கணக்கில் வரும் இடங்களில்தான் காபன் தன் விலைக்கு வேலை செய்யும்.

இன்னொன்று. காபன் வாங்கக் காசு இருந்தாலும் முதல் பலகையைக் கண்ணாடியிழைத் துணியிலேயே செய்யுங்கள். வெள்ளைத் துணி நனைந்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். றெசின் எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே தயங்குகிறது, எந்த மூலையைச் சுற்றிப் போகிறது என்பதை மில்லிமீற்றர் மில்லிமீற்றராகக் கண்ணால் காணலாம். காபன் நனைந்தாலும் கறுப்பு, நனையாவிட்டாலும் கறுப்பு. அந்தக் கறுப்பைப் படிக்கக் கண் பழகும் வரைக்கும் வெள்ளைத் துணிதான் வாத்தியார்.

வாங்க வேண்டியவை

நெய்த கண்ணாடியிழைத் துணி, தூரிகை, கையுறை, கலக்கும் கோப்பை போன்றவை படகுச் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். காபன் துணி, மேலே மூடும் வெற்றிடத் தாள், அதன் ஓரத்தை ஒட்டும் பசை நாடா, றெசினைப் பரப்பும் பாய்வு வலை ஆகியவற்றைப் பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோதான் எடுப்பிக்க வேண்டியிருக்கும். ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினர் பெட்டியில் காபன் துணியை வைத்துக் கொண்டுவரலாம். மடிக்காமல் ஓர் அட்டைக் குழாயில் சுற்றச் சொல்லுங்கள், மடித்த கோட்டில் இழை முறியும். ஆனால் எப்பொக்சியையும் (காபனுக்கு நாம் எடுக்கும் றெசின்) அதை இறுகவைக்கும் ஹாட்னரையும் பெட்டியில் போடச் சொல்லாதீர்கள். ஹாட்னர்களில் பல அரிக்கும் இரசாயனங்கள் என்ற வகையில் வருபவை, விமானப் பயணப் பொதியில் அவற்றுக்கு இடமில்லை.

துணியில் '3K' (மூவாயிரம்) என்று குறிக்கப்பட்ட, சதுர மீற்றருக்கு 200 கிராம் எடையுள்ள, சாய்வரி (twill) நெசவுத் துணி தொடக்கத்துக்கு நல்லது. ஒவ்வொரு நூலிலும் மூவாயிரம் இழைகள் இருப்பதையே அந்த எண் சொல்கிறது. ஓர் இழையின் தடிப்பு ஏறத்தாழ 7 மைக்ரோமீற்றர், தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு. சாய்வரி நெசவு வளைவுகளில் படியும், றெசினையும் இலகுவாக விடும்.

றெசினில்தான் பைபர் வேலை தெரிந்தவர்கள் தடுக்கி விழுவார்கள். படகுக்குப் பூசும் பொலியஸ்ரர் றெசினுக்கு ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கற்றலிஸ்ற் ஊற்றுகிறோம். வெயிலுக்குக் கொஞ்சம் குறைக்கிறோம், மழைக்குக் கொஞ்சம் கூட்டுகிறோம். எப்பொக்சியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே ஹாட்னர் வெறும் தூண்டி அல்ல, றெசினோடு கைகோத்து அதில் ஓர் அங்கமாகிவிடுவது. நூற்றுக்கு முப்பது என்று போத்தலில் இருந்தால் நூற்றுக்கு முப்பதுதான். கூட்டினால் சீக்கிரம் இறுகாது, இறுகாமல் மெழுகுபோல் நின்றுவிடும். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிற்றல் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள், கண் அளவை நம்ப வேண்டாம். பாகுநிலையையும் பாருங்கள். கையால் பூசும் எப்பொக்சி தேன்போலத் தடிப்பாக இருக்கும், வெற்றிட முறைக்கு அது சரிவராது. இதற்கென்றே விற்கும் எப்பொக்சி 25 பாகை செல்சியஸில் 200 முதல் 400 மில்லிபஸ்கால் செக்கன் அளவில் இருக்கும். பொலியஸ்ரரையும் பாய்ச்சலாம், படகு நிறுவனங்கள் பாய்ச்சுகின்றன. ஆனால் கடும் வெற்றிடத்தில் அதில் உள்ள ஸ்ரைரீன் ஆவியாகிக் குமிழி போடும். புதியவருக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

பம்பிக்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. ஏசி, குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர்கள் வாயு நிரப்புவதற்கு முன் குழாயைக் காலி செய்யப் பயன்படுத்தும் எண்ணெய்ப் பம்பியே நமக்கும் வேண்டியது. யாழ்ப்பாண நகரில் இந்தத் தொழில் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஒரு நாளைக்கு வாடகைக்குக் கேட்டாலும் தருவார்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரும் உறிஞ்சும். சிறிய பலகைக்குப் போதும், ஆனால் மெதுவாகத்தான். எதுவானாலும் பம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தடுப்புக் கலம் கட்டாயம். தடித்த சுவருள்ள, மூடி இறுகும் ஒரு பாத்திரத்தில் இரண்டு குழாய்களை இறக்கி, மேலே ஓர் அமுக்கமானியைப் பொருத்தினால் அதுவே கலம். மிஞ்சி வரும் றெசின் அதற்குள் விழும். அது இல்லாமல் றெசின் பம்பிக்குள் போனால் அந்தப் பம்பி பழைய இரும்புக்காரனுக்குத்தான். கண்ணாடிப் போத்தலைக் கலமாக்காதீர்கள். வெற்றிடத்தில் உள்நோக்கி வெடிக்கும்.

சிறு சாமான்களில் பலவற்றை ஊரிலேயே பொறுக்கலாம். வயர்களைச் சேர்த்துச் சுற்றும் சுருள் பிளாஸ்ரிக் மின்சாரக் கடைகளில் கிடைக்கிறதே, அதுதான் றெசினை ஓரம் முழுவதும் பரப்பும் சுருள் குழாய். ஆறு மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாய் இரண்டு மூன்று மீற்றர் வேண்டும். வெற்றிடத்தில் சப்பளியாத தடிப்பாகப் பார்த்து எடுங்கள். குழாயை நெரித்து மூடக் கவ்விகள். அச்சுக்கு ஒரு கண்ணாடித் தகடு, எட்டு அல்லது பத்து மில்லிமீற்றர் தடிப்பில், ஓரம் தேய்த்தது. உரிதுணி என்று நான் சொல்லப்போவது இறுகிய பின் உரித்தெடுக்கும் நைலான் துணி. இதற்கு மட்டும் மாற்றுத் தேடாமல் உரியதையே வாங்குங்கள். கண்ட துணியைப் போட்டால் அது பலகையோடு பலகையாகிவிடும்.

இடமும் காலமும்

சோளகம் வீசும் மாதங்களில் புழுதி பறக்கும். வாடைக்காற்றோடு மழை வந்தால் ஈரம். இரண்டும் இந்த வேலைக்கு எதிரி. ஈரமான துணியிலிருந்தும் ஈரமான உரிதுணியிலிருந்தும் வெற்றிடத்தில் நீராவி கிளம்பி ஊசிமுனைத் துளைகளாகப் பலகையில் பதியும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை செய்தால் துணியைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் வைத்திருந்து, கடைசி நேரத்தில் எடுங்கள். கதவு யன்னலைச் சாத்தக்கூடிய ஓர் அறை இருந்தாலே போதும். தகரக் கொட்டிலில் செய்வதானால் நண்பகலைத் தவிர்க்க வேண்டும். வெப்பம் 10 பாகை ஏறினால் எப்பொக்சி பாயும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போத்தலில் போட்டிருக்கும் நேரம் 25 பாகைக்கு உரியது, சித்திரை மாதத்துத் தகரக் கூரைக்கு அல்ல. எனக்குப் பிடித்த ஒழுங்கு, மாலையில் எல்லாவற்றையும் அடுக்கி மூடி, இரவில் கசிவு பார்த்து, விடியற்காலையில் பாய்ச்சுவது.

எப்பொக்சி வாசம் குறைந்தது என்பதால் தீங்கும் குறைந்தது என்று எண்ண வேண்டாம். தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அது போகாது, தொழிலையே விட்டவர்கள் இருக்கிறார்கள். நைற்றைல் கையுறை அணியுங்கள். கையில் பட்டால் சவர்க்காரமும் தண்ணீரும்தான், தின்னரோ அசிற்றோனோ அல்ல. அவை றெசினைத் தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும்.

அடுக்குதல்

கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஐந்து சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கடதாசி நாடாவை ஒட்டிவிட்டு, நடுப்பகுதிக்கு அச்சு மெழுகு பூசுங்கள். பசை நாடா ஒட்டப்போகும் ஓரத்தில் மெழுகு பட்டால் நாடா ஒட்டாது, அதற்காகத்தான் இந்த மறைப்பு. எப்பொக்சி பொலியஸ்ரரைவிடப் பிடிவாதமாக ஒட்டும். ஒரு பூச்சோடு நின்றுவிடாமல், மெழுகின் டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு நாலைந்து பூச்சு போட்டு ஒவ்வொன்றையும் துடைத்துப் பளபளப்பாக்குங்கள். கார் மினுக்கும் மெழுகை இதற்கு எடுக்க வேண்டாம்.

காபன் துணியை வெட்டும் கோட்டில் முதலில் கடதாசி நாடாவை ஒட்டி, நாடாவின் நடுவே கத்தரிக்கோலை ஓட்டினால் ஓரம் பிரியாது. தேவையான அளவைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் கூட்டி வெட்டி, பிறகு சீவிக்கொள்ளலாம் (நம் 30 இற்கு 40 அந்தக் கூடுதலையும் சேர்த்த அளவு). நான்கு அடுக்குகள் போடுவோம். முதலாவதும் நான்காவதும் நேராக, நடுவில் உள்ள இரண்டும் 45 பாகை திருப்பி. காபனின் வலுவெல்லாம் இழை ஓடும் திசையில்தான். எல்லாவற்றையும் ஒரே திசையில் போட்டால் குறுக்கே முறுக்கும்போது பலகை வளைந்துகொடுக்கும். மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் அடுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இந்தச் சமச்சீர் குழம்பினால் இறுகிய பலகை அப்பளம்போல் நெளியும், பிறகு அதை நிமிர்த்த வழியில்லை.

துணியின் மேல் உரிதுணி. அது காபனை முழுவதும் மூடி, வெளியே உறிஞ்சும் பக்கம் வரை நீள வேண்டும். அதன் மேல் பாய்வு வலை. வலையின் வேலை றெசினுக்கு இலகுவான வழி கொடுப்பது. றெசின் வலை வழியாக மேலே விரைந்து பரவி, அங்கிருந்து கீழே துணிக்குள் இறங்கும். உறிஞ்சும் பக்கத்தில் மட்டும் வலையைக் காபனின் ஓரத்துக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். வலை கடைசி வரை போனால் மேலே ஓடிய றெசின் நேராகக் குழாய்க்குள் போய்விடும், கீழ் அடுக்குகள் உலர்ந்தே கிடக்கும். அந்த இரண்டு சென்ரிமீற்றர் ஒரு தடை. அங்கே றெசின் தயங்கி நின்று அடியையும் நனைத்துவிட்டுப் போகும்.

சுருள் குழாயில் 40 சென்ரிமீற்றர் நீளத்தை நீண்ட ஓரத்தில் வலையின் மேல் வையுங்கள், அது றெசின் வரும் வாய். எதிரே உள்ள நீண்ட ஓரத்தில், காபனுக்கு நாலைந்து சென்ரிமீற்றர் வெளியே, உரிதுணியின் மேல் இன்னொரு சுருள், அது உறிஞ்சும் வாய். ஏன் நீண்ட ஓரத்தில்? றெசின் கடக்கும் தூரம் அப்போது 30 சென்ரிமீற்றராகக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். துளைகளுள்ள பொருளில் திரவம் பாயும் விதியே அது. பெரிய பொருட்களில் நடுவே பல வாய்கள் வைப்பதும் இதனால்தான்.

ஓரங்களைக் கவனியுங்கள். துணிக்கும் பசை நாடாவுக்கும் இடையே வெற்று வாய்க்கால் விட்டால் றெசின் துணிக்குள் போகாமல் அதன் வழியே ஓடிவிடும். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுபவருக்கு இது புதிதல்ல. வரம்பில் ஓர் உடைப்பு இருந்தால் தண்ணீர் பாத்தியை விட்டு அங்கேதான் போகும். இங்கே அந்த உடைப்பைத் தாளின் மடிப்பும் உண்டாக்கலாம்.

அடுத்தது பசை நாடா, அதன் மேல் தாள். தாளை அச்சின் அளவுக்கே வெட்டாமல் கால்பங்கு கூட்டி வெட்டுங்கள். மிஞ்சும் தாளை ஓரத்தில் சில இடங்களில் காதுபோல் நிமிர்த்தி, அந்தக் காதுக்குள்ளும் இருபுறம் நாடா வைத்து ஒட்ட வேண்டும். மூலைகளில் தாள் இழுபடாமல் படிய இந்தக் காதுகளே காரணம். நாடாவின் குறுக்கே தலைமயிர் அளவு காபன் நூல் ஒன்று கிடந்தாலும் அதன் வழியே காற்று புகும். நாடாவின் கடதாசியை உரிக்கும்முன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து நான்கு பக்கமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கசிவு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை றெசின் போத்தலைத் திறக்காதீர்கள். எப்பொக்சி கலந்தபின் நீங்கள் அதன் நேரத்துக்கு ஓட வேண்டும். கலக்கும் முன் நேரம் முழுவதும் உங்களுடையது.

றெசின் குழாயைக் கவ்வியால் நெரித்துவிட்டுப் பம்பியை இயக்குங்கள். தாள் சுருங்கி இறங்கத் தொடங்கும்போதே, அரைகுறை வெற்றிடத்தில் நிறுத்தி, மூலைகளில் தாள் பாலம்போல் நிற்கும் இடங்களை விரலால் உள்ளே தள்ளி ஒழுங்குபடுத்தலாம். முழு வெற்றிடம் வந்தபின் அசைக்க முடியாது. துணி கல்லாக இறுகியிருக்கும், சாய்வரிக் கோடுகள் தாளுக்கு மேலேயே தெரியும். முள் அடிமட்டத்தைத் தொட்டதும் பம்பிக் குழாயையும் நெரித்துப் பம்பியை நிறுத்துங்கள். இனி முள்ளைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தாலே கசிவு இருக்கிறது. குளிர்சாதனக்காரரின் முள் மானி நுட்பமானதல்ல, ஆகவே நான் இரவு முழுவதும் விட்டுப் பார்ப்பதையே விரும்புகிறேன்.

கசிவைத் தேடக் காதுதான் கருவி. வீதியில் வாகன ஓசை அடங்கியபின், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒரு முழக் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறுநுனியை நாடாவின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். கசிவின் மேல் வந்ததும் மெல்லிய சீறல் சட்டென்று தடிக்கும். அநேகமாக அது ஒரு காதின் அடியில் இருக்கும், அல்லது குழாய் உள்ளே நுழையும் இடத்தில். அங்கே நாடாவை விரல்நகத்தின் பின்புறத்தால் அழுத்தி உருட்டினால் சீறல் நின்றுவிடும். குழாய் நுழையும் இடத்தில் மட்டும் நாடாவைக் குழாயைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுப் போட்டுவிட்டுத் தாளோடு ஒட்டுவது முதலிலேயே செய்ய வேண்டியது.

மின்வெட்டுக்கும் இந்தச் சோதனைதான் காப்பு. கசிவற்ற உறை பம்பி நின்றாலும் தன் வெற்றிடத்தைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போனதும் பம்பிப் பக்கக் கவ்வியை நெரித்துவிட்டால், மீண்டும் வரும் வரை வேலை கெடாது. கசிவை 'பரவாயில்லை' என்று விட்டவருக்கு அந்த நிம்மதி இல்லை.

கலப்பதும் பாய்ச்சுவதும்

எவ்வளவு றெசின் வேண்டும்? பலகையின் பரப்பு 0.12 சதுர மீற்றர். நான்கு அடுக்கு 200 கிராம் துணி என்றால் இழை 96 கிராம். எடையில் 60 இற்கு 40 என்று கணக்கிட்டால் அதற்குள் நிற்கும் றெசின் 64 கிராம். வலையும் உரிதுணியும் சதுர மீற்றருக்கு 600 கிராம் அளவு குடிக்கும் என்று வைத்தால் இன்னும் 72. ஒரு மீற்றர் குழாய்க்கு 31, பத்து மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சுருளுக்கு 35. கூட்டினால் 200 சொச்சம். வாளியின் அடியில் எப்போதும் ஒரு மிச்சம் நிற்க வேண்டும், ஆகவே 250 கிராம் கலப்போம்: நூற்றுக்கு முப்பது வகையானால் றெசின் 192 கிராம், ஹாட்னர் 58. பலகைக்குள் போவதைவிட வீணாவது கூடுதல் என்று மனம் பதைக்கும். சிறிய பலகைகளில் அப்படித்தான், பரப்பும் அடுக்கும் கூடும்போது அந்த விகிதம் குறையும்.

கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நிமிடமாவது கலக்கி, வேறொரு கோப்பைக்கு மாற்றி மீண்டும் கலக்குங்கள். சுவரில் ஒட்டிக் கலக்காமல் நின்ற ஹாட்னரால் இறுகாத புள்ளிகள் வரும். ஐந்து நிமிடம் வைத்தால் பெரிய குமிழிகள் மேலே வந்துவிடும். அதற்கு மேல் கோப்பையில் வைத்திருக்க வேண்டாம். எப்பொக்சி குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே இன்னும் சூடாகும், பெரிய அளவானால் புகை கிளம்பிக் கோப்பை உருகும். வெயில் நாளில் அகன்ற தட்டில் ஊற்றி, தட்டைத் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் வைப்பது நல்லது. தண்ணீர் மட்டும் உள்ளே சிந்தக் கூடாது.

றெசின் குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, தட்டின் அடியைத் தொடும்படி இறக்கி, ஒரு கவ்வியால் அசையாமல் பிடித்துவைத்துவிட்டு, குழாயை நெரித்திருக்கும் கவ்வியைச் சிறிது திறவுங்கள். றெசின் குழாயில் ஏறிச் சுருளை நிரப்பி, வலையில் ஒரு கோடாகப் பரவத் தொடங்கும். காபனில் அந்தக் கோட்டை உரிதுணியின் நிறமாற்றத்தில்தான் பார்க்க முடியும். நனைந்த இடம் கருமை கூடி ஈரப் பளபளப்பு ஏறியிருக்கும். விரைவாக ஓடினால் கவ்வியைக் கொஞ்சம் நெரியுங்கள். அவசரமாக ஓடும் றெசின் நூல்களுக்கு இடையே ஓடிவிட்டு, நூலுக்கு உள்ளே காற்றை விட்டுவைக்கும். தட்டில் றெசின் தீரும்வரை காத்திருக்காதீர்கள். குழாய் ஒரு வாய் காற்றைக் குடித்தால் அந்தக் குமிழிகள் பலகைக்குள்தான் போய் நிற்கும். கோடு உறிஞ்சும் பக்கத்தைத் தொட்டு, அங்கே உள்ள உரிதுணி முழுவதும் நனைந்ததும் றெசின் குழாயை நெரித்துவிடுங்கள். பம்பி மட்டும் றெசின் உறையும்வரை ஓடட்டும். மிஞ்சிய றெசினைக் குப்பைவாளியில் கொட்டாமல் வெளியே மணலில் வைத்து ஆறவிடுங்கள்.

கழற்றுவதும் அதன் பின்னும்

அடுத்த நாள் வரை தொடாதீர்கள். தாளையும் வலையையும் உரிதுணியையும் ஒன்றாகப் பிடித்து, மேல்நோக்கி அல்லாமல் பின்நோக்கி மடித்து இழுத்தால் சரசரவென்று வரும். பலகையைக் கிளப்பப் பிளாஸ்ரிக் ஆப்பு போதும். இரும்பு கண்ணாடியைக் கீறும். கண்ணாடியோடு கிடந்த முகம் பளபளவென்று இருக்கும். தடிப்பு ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர், சீவும் முன் பாரம் 160 கிராம் அளவு வந்திருந்தால் கணக்கு சரி. கூடுதலாக இருந்தால் வெற்றிடம் போதவில்லை. ஒரு நாணயத்தால் முழுவதும் தட்டிக்கொண்டு போங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. ஊசித் துளைகள் பலகை முழுவதும் பரவியிருந்தால் ஈரமோ கசிவோ, ஓர் ஓரத்தில் மட்டும் இருந்தால் குழாய் காற்றுக் குடித்திருக்கிறது.

இந்தப் பலகை இறுகியதுபோல் தோன்றினாலும் இன்னும் முழுப் பதத்துக்கு வரவில்லை. அறை வெப்பத்தில் இறுகிய எப்பொக்சி பல, 50, 60 பாகையை நெருங்கும்போது இளகும். நம் ஊர் மத்தியான வெயிலில் கறுப்புப் பலகை அந்தச் சூட்டை இலகுவாகத் தாண்டும். மரப் பெட்டி ஒன்றுக்குள் இழை எரியும் பழைய மின்குமிழ் ஒன்றையும் வெப்பமானியையும் வைத்து, பலகையைச் சமதளத்தில் கிடத்தி, மணிக்கு 10 பாகைக்கு மேல் போகாமல் மெல்ல ஏற்றி, 60 பாகையில் சில மணி நேரம் வையுங்கள். சரியான அளவை எப்பொக்சியோடு வரும் தகவல் தாளில் பார்க்கலாம்.

சீவும்போது முகமூடியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், நீர் தொட்டுத் தேய்ப்பது இன்னும் நல்லது. காபன் தூசு மின்சாரம் கடத்தும். இன்வேட்டரோ கணினியோ இருக்கும் அறையில் கிரைண்டரைப் பிடிக்காதீர்கள். வெயிலில் நிற்கப்போகும் பொருளுக்குப் புறஊதாக் கதிரைத் தாங்கும் வாணிசு பூசாவிட்டால் எப்பொக்சி மஞ்சளித்துச் சுண்ணாம்பாக உதிரும்.

கடலுக்குப் போகும் பொருளானால் இன்னொரு வேலை இருக்கிறது. உப்புநீரில் காபனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். சாதாரண இரும்புத் திருகுக்கும் அதே கதிதான். உலோகம் பொருந்தும் இடங்களில் அடுக்கும்போதே கடைசியாக ஒரு கண்ணாடியிழைத் துணியைச் சேர்த்துவிடுங்கள். திருகுக்குத் துளையிட வேண்டுமானால் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, அதை எப்பொக்சியால் அடைத்து இறுகவிட்டு, அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளைத்து 316 ரகத் துருப்பிடிக்காத உருக்குத் திருகை ஏற்றுங்கள்.